உன் நம்பரை எடுக்கச் சொல்லிவிட்டேன்

மாதேஷ்,

நாளை மறுநாள் நீ புனேக்கு ரயில் ஏறப்போகிறாய். உன் கம்பெனி அங்கே புதிதாகத் தொடங்கும் தொழிற்சாலையில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பை ஓட்டிக் காட்ட ஓசூரிலிருந்து உன்னைத்தான் பொறுக்கி எடுத்தார்களாம். உங்கம்மா காலையிலிருந்து கேழ்வரகு மாவை இரண்டு பைக்குள் போட்டுக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருக்கிறாள். ஊருக்குப் போகிற பிள்ளைக்கு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவதுதான் முறை. எனக்கும் அது தெரியும். ஆனால் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தால் நல்ல வார்த்தைக்கு முன்னால் கோபம்தான் வருகிறது. அதை அடக்கிக்கொண்டு உனக்கு நெற்றியில் விபூதி பூசி அனுப்ப என்னால் முடியாது. நேரில் சொல்லலாம் என்றால் எனக்குக் குரல் இல்லை. கையால் சொல்லலாம் என்றால் நான் பாதி சொல்வதற்குள் உன் கண் செல்போனுக்குப் போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். ரயிலில் வேறு வேலை இருக்காது, முழுக்கப் படி.

முதலில் ஆஸ்பத்திரிக்காரர்களிடமிருந்து ஆரம்பிக்கிறேன், அவர்கள் மேல் கோபப்படுவது எனக்குச் சுலபம். தொண்டையில் புற்றுநோய் என்று பெங்களூரில் என் குரல்வளையை எடுத்தார்கள். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், அதை நான் மறக்கவில்லை. கழுத்தின் நடுவில் ஒரு துளை போட்டார்கள், அதன் வழியாகத்தான் இப்போது மூச்சு விடுகிறேன். கதிர்வீச்சும் முடிந்த பிறகு, "இனிமே இவ்ளோ தூரம் அலைய வேணாம், நாங்களே போன்ல விசாரிப்போம்" என்று சொல்லி அனுப்பினார்கள். கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது! போனும் வந்தது. குரல்வளையை எடுத்த அதே ஆஸ்பத்திரியிலிருந்து, குரல்வளையைக் கொடுத்துவிட்டு வந்த ஆளுக்கு! "வணக்கம் ஐயா, எப்படி இருக்கீங்க? சொல்லுங்க ஐயா. ஹலோ? சத்தமே வரலீங்களே?" நான் நகத்தால் போனைத் தட்டினேன். "டவர் இல்ல போலருக்கு, கொஞ்சம் வெளிய வந்து பேசுங்க ஐயா" என்றது அந்தப் பெண் குரல். நானும் ஒரு மடையன், துண்டோடு எழுந்து தெருவுக்கு வந்து போனை ஆகாயத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றேன். டவர் நன்றாகவே இருந்தது. எனக்குத்தான் பேச வழியில்லை. இப்படிச் சில தடவை ஆன பிறகு, 'பதில் பேசுவதில்லை' என்று என்னைக் கணக்கில் போட்டுவிட்டு, வீட்டில் வேறு நம்பர் இருக்கிறதா என்று கேட்டார்கள். நீ உன் நம்பரைக் கொடுத்தாய். அதிலிருந்து என் உடம்பு எப்படி இருக்கிறது என்று உன்னைக் கேட்க ஆரம்பித்தார்கள்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிய கதை உனக்கு முழுக்கத் தெரியாது. அன்று உனக்கு ஷிப்டு. பெரிய நோயிலிருந்து எழுந்து வந்தவனுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் சேர்ப்போம் என்று உன் அத்தை அண்டாவோடு வாசலில் நின்றாள். ஆசையாகத்தான் செய்தாள். என்னை மணையில் உட்கார வைத்து, "எந்தம்பி பொழச்சி வந்துட்டான்" என்று அழுதுகொண்டே உச்சந்தலையில் ஒரு சொம்பைக் கவிழ்த்தாள். முகத்தில் வழிந்த தண்ணீர் கழுத்துத் துளைக்குள் நேராக இறங்கியது. மற்றவர்களுக்குக் கிணற்றில் மூழ்கினால் வருகிற மூச்சுத் திணறல் எனக்கு வாசலில் மணைமேல் வந்தது. கத்த முடியவில்லை. நான் துள்ளுவதைப் பார்த்து, குளிரில் நடுங்குகிறான் என்று நினைத்து அவள் அடுத்த சொம்பை மொண்டாள். உங்கம்மாதான் பாய்ந்து வந்து என்னைக் குப்புறச் சாய்த்தாள். துளையில் தண்ணீர் போகக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருப்பார்கள், கிளம்புகிற அவசரத்தில், கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ, யாரோ ஒருவருக்கு. சிகிச்சை முடிந்து ஊருக்குப் போகிற ஆளுக்கு அவன் சொந்தக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று அங்கே ஒருவராவது யோசித்தார்களா? நோய் போனதோடு ஆள் பழையபடி ஆகிவிடுவான் என்று அவர்களும் நினைத்தார்கள், உன் அத்தையும் நினைத்தாள். அவள் பாவம், படிக்காதவள். அவர்களுக்கு என்ன வந்தது?

ஊரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாகரசம்பட்டியில் என்னைப் பார்க்கிற ஆளெல்லாம் காதைக் கிழிக்கிற மாதிரி கத்திப் பேசுகிறான், எடுத்தது குரலை, காதை இல்லை என்று யாருக்கும் உறைக்கவில்லை. டீக்கடையில் ஒருவன் என் முன்னாலேயே, "பீடி குடிச்சாரு, அனுபவிக்கிறாரு" என்றான். ஆமாம், குடித்தேன். அதற்காக எனக்குச் சோறு இறங்க வேண்டாமா? குடித்தவனுக்குத் தொண்டை அடைத்தால் டாக்டர் பார்க்கக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? திருப்பிக் கேட்க வாய் துடித்தது. என் கையைப் பார்த்து அவனுக்கு என்ன புரியப்போகிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

இதற்கெல்லாம் நடுவில் வந்தவள் மஞ்சுளா. நீ அவளைப் 'போன் பண்ற பொண்ணு' என்றுதான் சொல்வாய். சிகிச்சை முடிந்து கிராமத்துக்குத் திரும்பியவர்களுக்குத் துணையாக இருந்து, யாரை எப்போது எந்த டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று வழி சொல்வது அவள் வேலை. ஆஸ்பத்திரி அவளை வேலைக்கு வைத்ததே தாமதமாகத்தான், அதுவும் இந்த மாவட்டம் முழுவதற்கும் அவள் ஒருத்தி. ஓசூர்ப் பக்கத்துப் பெண். வீட்டில் தெலுங்கு, ஆஸ்பத்திரியில் கன்னடம், நம்மிடம் தமிழ். முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது செருப்பைக் கழற்றியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "தலைக்குத் தண்ணி ஊத்துனாங்களா ஐயா?" என்பதுதான். நான் அசந்துபோனேன். "எல்லா ஊர்லயும் ஊத்தறாங்க. டிஸ்சார்ஜ் பண்ணும்போதே சொல்லுங்கன்னு நான் சண்ட போட்டுட்டே இருக்கறன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். குளிக்கும்போது துளையை எப்படி மூடுவது, மாங்காய் லாரி போகிற புழுதியில் எந்தத் துணியை நனைத்துக் கட்டுவது என்று உங்கம்மாவுக்குச் செய்து காட்டினாள். கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்றைக் கொண்டுவந்து பழக்கிப் பார்த்தாள். கதிர்வீச்சில் தோல் இறுகிப்போனதால் எனக்கு அது சரிப்படவில்லை. "சரி, வேற வழி பாக்கலாம்" என்று டாக்டரோடு வீடியோவில் பேச ஏற்பாடு செய்தாள். உன் போனில், உன் வார லீவு நாளில்.

அந்த நாளைப் பற்றித்தான் எழுத வேண்டும், அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். அதற்கு முன்னால் ஒன்று. மாங்கூழ் ஃபேக்டரியில் பாய்லர் அறையில் நான் வேலை பார்த்த காலமெல்லாம் வாயால் பேசியது கொஞ்சம்தான். சீசனில் எல்லா மெஷினும் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. கையைத் தலைக்கு மேல் சுழற்றினால் ஆவியை ஏற்று. உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் குறை. ஒரு முஷ்டிமேல் இன்னொரு முஷ்டியை வைத்தால் குழாய் அடைத்துக்கொண்டது, உடனே நிறுத்து. மாம்பழ நார் சிக்கி லைன் அடைத்துவிட்டால் அழுத்தம் ஏறி என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த இரண்டு முஷ்டியைப் பார்த்த பிறகு வேடிக்கை பார்த்தவன் எவனும் கிடையாது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு நீயும் ஒரு சீசன் முழுக்க என்னோடு அங்கே நின்றாய். இப்போது உன் பிரஸ் ஷாப்பிலும் சத்தத்தில் கைதான் பேசுகிறது என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஆகையால் அப்பா என்ன காட்டினார் என்று எனக்குப் புரியவில்லை என்று மட்டும் என்னிடம் சொல்லிவிடாதே.

டாக்டர் அம்மா திரையில் வந்தார். ஒரு மூலையில் மஞ்சுளாவும் இருந்தாள். டாக்டர் கன்னடத்தில் கேட்டார், "ஊட்டா மாடோக்கே ஏனாதரு தொந்தரெ இத்யா?" சாப்பிடுவதில் ஏதாவது சிரமம் இருக்கிறதா என்று நீ மாற்றிச் சொல்வதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. இந்த எல்லையில் பிறந்தவனுக்கு அவ்வளவு கன்னடம் தெரியாதா? நான் முஷ்டிமேல் முஷ்டி வைத்தேன். இரண்டாவது தடவையும் வைத்து, தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். நீ என் கையைப் பார்த்தாய். நன்றாகப் பார்த்தாய், மாதேஷ். பார்த்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பி, வாய் கூசாமல், "இல்லா மேடம், சென்னாகி ஊட்டா மாட்தாரெ" என்றாய். நன்றாகச் சாப்பிடுகிறாராம்! மஞ்சுளா மட்டும், "அண்ணா, அவரு கையில என்னமோ சொன்னாரே?" என்று கேட்டாள். "அது ஒண்ணுமில்லீங்க, பாய்லர்ல இருந்தவரு, கை பழக்கம்" என்று சிரித்தாய். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒரு தாளில் எழுதிக் காட்டியிருக்கலாமே என்று நீ கேட்கலாம். அந்த டாக்டருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மஞ்சுளாவுக்குத் தெரியும், ஆனால் அவள் முன்னால் என் பிள்ளையைப் பொய்யனாக்க என் கை எழவில்லை.

நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்பதும் எனக்குத் தெரியும். சிரமம் என்றால் டாக்டர் பெங்களூருக்குக் கூப்பிடுவார். கூப்பிட்டால் நீ லீவு போட வேண்டும். உன்னை நிரந்தரம் ஆக்குவதா, கான்ட்ராக்டிலேயே விடுவதா என்று பார்க்கிற நேரம். லீவு கேட்கிறவன் பெயரைச் சூப்பர்வைசர் முதலில் அடித்துவிடுவார். இதையெல்லாம் உங்கம்மாவிடம் நீ சொன்னபோது நான் உள்ளறையில் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். அப்பனுக்கு உடம்பு சரியில்லை என்று லீவு கேட்கிற பிள்ளைக்கு வேலை கிடையாது என்கிற அந்தக் கம்பெனியை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். பொய் சொல்லியே ஆக வேண்டும் என்றால் அந்தச் சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்க வேண்டியதுதானே? வயிற்றுப்போக்கு, வண்டி பஞ்சர் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். அவரிடம் பேசப் பயந்துகொண்டு என் கையை வைத்துப் பொய் சொன்னாய். எனக்கென்று மிச்சம் இருந்த பேச்சு அது ஒன்றுதான்.

அதன் பிறகு வீட்டில் நடந்ததை நீ கவனிக்கவே இல்லை. லீவுக்கு வருவாய், தூங்குவாய், போவாய். களி எனக்கு இறங்கவில்லை. உங்கம்மா களியைக் கூழாக்கினாள், கூழை இன்னும் நீர்க்கக் கரைத்தாள். சட்டை தோளில் தொங்கியது. "அப்பா ஸ்லிம்மாயிட்டாரு" என்று நீ கிண்டல் செய்தாய். ஒரு மத்தியானம் இட்லித் துண்டு ஒன்று பாதியில் நின்றுகொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. உங்கம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே, "உனக்கு எதாச்சும் ஆச்சுன்னா நான் யாருகிட்ட போயி நிப்பன்" என்று அழுதாள். எனக்கோ பயம் வேறு. அடைப்பது வெறும் அடைப்பா, அறுத்து எடுத்ததே திரும்பி வந்துவிட்டதா? நோய் வந்தபோதும் முதலில் தொண்டைதானே கட்டியது. அதை யாரிடம் கேட்பேன்? கேட்கிற நம்பர் உன் பையில் ஓசூரில் இருந்தது.

மஞ்சுளா திரும்பி வந்தாள். நீ இல்லாத நாளாகப் பார்த்து வந்தாள் என்று பிறகுதான் புரிந்தது. உட்காரக்கூட இல்லை, "அன்னிக்கி கையில என்ன ஐயா சொன்னீங்க? எனக்கு மனசு கேக்கவே இல்ல" என்றாள். நான் முஷ்டிமேல் முஷ்டி வைத்தேன். உங்கம்மா அழுதுகொண்டே சொன்னாள், "அடச்சிருக்குதுன்னு சொல்றாருமா. எங்க பையன் மேல கோச்சிக்காதீங்க." மஞ்சுளாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அடச்சிருக்குதுன்னா அன்னிக்கே சொல்லியிருக்கணும்மா, இது வெளையாட்டா?" என்று சொல்லிவிட்டு, தன் போனிலேயே டாக்டரைக் கூப்பிட்டாள். "நுங்கோக்கே கஷ்ட அந்தெ, மேடம்" என்றாள். விழுங்கச் சிரமமாம் என்று. இரண்டு முஷ்டிக்கு என்ன அர்த்தம் என்பதையும் சொன்னாள். பிறகு செய்தாள் பார் ஒரு காரியம். போனை என் முகத்துக்கு நேராகத் திருப்பிவிட்டு, தான் வாயை மூடிக்கொண்டாள். டாக்டர் கேட்கக் கேட்க நான் பதில் சொன்னேன். தண்ணீர் இறங்குகிறதா? உள்ளங்கையை அமுக்கினேன், கொஞ்சம். கெட்டியாக இருந்தால்? முஷ்டிமேல் முஷ்டி. ஒரு வாய் தண்ணீர் குடித்துக் காட்டச் சொன்னார். குடித்தேன், அவர் திரையில் முகத்தைக் கிட்டே கொண்டுவந்து என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாளே பந்துபிடி" என்று என்னைப் பார்த்தே சொன்னார். நாளைக்கே வந்துவிடுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு என் உடம்பைப் பற்றி ஒரு டாக்டர் என்னிடமே பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது, துளை வழியாக அழுவது பார்க்க நன்றாக இருக்காது, துணியை இழுத்து மூடிக்கொண்டேன்.

போனோம். நானும் உங்கம்மாவும் கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினோம். உன்னிடம் சொல்லவில்லை. பஸ் ஓசூரில் நின்றபோது உங்கம்மா ஜன்னல் வழியாக உன் கம்பெனி இருக்கிற பக்கம் பார்த்தாள். "கூப்பிடட்டுமா?" என்றாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். ஆஸ்பத்திரி வாசலில் மஞ்சுளா நின்றிருந்தாள், எந்த அறைக்கு, எந்த வரிசைக்கு என்று தடுமாற விடாமல் கூட்டிப்போனாள். கதிர்வீச்சில் தொண்டை சுருங்கியிருந்தது. குழாயை உள்ளே விட்டு அகலப்படுத்தினார்கள். அங்கிருந்து ஒரு துளி சதையும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருகிற வரை நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்குள் நடமாடினோம். அந்த வாரம்தான் நீ வந்து, புனே போகிற செய்தி சொல்லி லட்டு கொடுத்தாய். உங்கம்மா வாயில் போட்டுக்கொண்டு சிரித்தாள். அவள் எப்படிச் சிரித்தாள் என்று இப்போது நினைத்துப் பார்.

முடிவு நல்லபடியாக வந்தது. நோய் திரும்பவில்லை, வெறும் சுருக்கம்தான், மறுபடி சுருங்கினால் மறுபடி அகலப்படுத்தலாம் என்றார் டாக்டர். நேற்று நீ கடைக்குப் போயிருந்தபோது ஒரு உருண்டை களியைக் கீரைக் குழம்பில் தோய்த்து விழுங்கினேன். ருசி பாதிதான் தெரிந்தது, மூக்கு வழியாக மூச்சு போகாதவனுக்கு வாசனை கிடையாது. ஆனாலும் இறங்கியது. முடிவு நல்லதாக வந்ததால் நீ செய்தது சரியாகிவிடாது, அதற்காகத்தான் இவ்வளவு எழுதினேன். வேறு மாதிரி வந்திருந்தால், 'நன்றாகச் சாப்பிடுகிறார்' என்று நீ சொன்ன அந்த வார்த்தையோடு காலம் முழுக்க நீ எப்படி இருந்திருப்பாய்? எனக்கு என் சாவைவிட அதை நினைத்துத்தான் பதறியது. நீ என் பிள்ளை, உன் மேல் எனக்குப் பாசம் இல்லாமல் இவ்வளவு கோபம் எங்கிருந்து வரும்?

ஆஸ்பத்திரியில் உன் நம்பரை எடுக்கச் சொல்லிவிட்டேன். புனே போகிறாய் என்று நீ உங்கம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த புது டச் போனின் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். 'இவர் பேச மாட்டார், வீடியோவில் மட்டும் கூப்பிடவும், இவரையே கேட்கவும்' என்று என் பெயருக்குப் பக்கத்தில் ஏற்றச் சொன்னேன். எங்கள் மாதிரி இருக்கிற எல்லார் பெயருக்குப் பக்கத்திலும் ஏற்றும் வரை விடுவதில்லை என்று மஞ்சுளா அங்கே சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறாள். சாமல்பட்டிப் பக்கம் என்னைப் போலவே கழுத்தில் துளையோடு ஒருவர் இருக்கிறாராம், அவர் வீட்டிலும் மருமகள்தான் போனில் பதில் சொல்கிறாளாம். அடுத்த வாரம் மஞ்சுளாவோடு நானும் அங்கே போகிறேன். இரண்டு முஷ்டியை அவருக்கும் சொல்லிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

இனி உனக்கு. புனேயில் உனக்கு மொழி தெரியாது. சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. அங்கேயும் ஒரு சூப்பர்வைசர் இருப்பார். உன் குரலைக் கேட்டால் உங்கம்மா அழுவாள் என்று, எது நடந்தாலும் 'நல்லா இருக்கறன்' என்றுதான் சொல்வாய், எனக்குத் தெரியும். அதனால் குரலில் கூப்பிடாதே, வீடியோவில் கூப்பிடு. முகத்தைக் காட்டுவதற்கு முன் கையைக் காட்டு. அங்கே உனக்கு ஏதாவது அடைத்துக்கொண்டால் முஷ்டிமேல் முஷ்டியை வை. உங்கம்மாவுக்கே அது புரியும், ஆனாலும் நம்ப மனமில்லாமல் என் தோளை உலுக்கி, "என்னங்க சொல்றான்?" என்று கேட்பாள். நன்றாக இருக்கிறானாம் என்று நான் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

அப்பா